கீத் ஆல்டர்சனின் பச்சைச் சைக்கிள்

கீத் ஆல்டர்சனின் மடக்கு சைக்கிளை மாட்டுவதற்கு லண்டன் அலுவலகச் சுவரில் கொக்கி அடித்தாகிவிட்டது. கொக்கிக்குக் கீழே பித்தளைத் தகடும் பதித்துவிட்டார்கள்: 'கீத் ஆல்டர்சன், எடை அளவு ஆய்வாளர். முப்பத்தொரு ஆண்டுகள். ஒரு கிராமும் பிசகாதவர்.' சைக்கிள் மட்டும்தான் பாக்கி. அடுத்த வியாழக்கிழமை அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவள் அவருடைய ஒரே மகள் ஹேசல்.

கீத் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, ஹிட்சின் வீட்டின் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டது. செயினில் பாதி பளபளத்தது, பாதி கறுப்பாக இருந்தது. அடக்கம் முடிந்த அன்று மாலை ஹேசல் கறுப்பு உடையை மாற்றாமலே உட்கார்ந்து மீதிப் பாதியைத் துடைத்து முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து விருந்தினர்களுக்குத் தேநீர் ஊற்றினாள்.

அவளுக்கு வேலை லிஃப்டுகளைப் பரிசோதிப்பது. கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, பிரேக் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். துக்கத்துக்கு அப்படி அளவு ஏதும் இல்லாததால் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கீத்தின் கதை சுருக்கமானது. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பார். மதுக்கடைக்குள் அவர் நுழைந்தால் கடைக்காரர் ஓடிவந்து எல்லோருடைய கோப்பையையும் விளிம்புவரை நிரப்புவார். அதனால் குடிகாரர்களுக்கு அவர் வரவு பிடிக்கும். பக்கத்தில் வந்து உட்காரத்தான் யாருக்கும் மனம் வராது. ஒருமுறை சந்தையில் ஆறு முட்டைக்கு ஏழு முட்டை வந்துவிட்டது என்று மனைவி மோரீனை மழையில் திருப்பி அனுப்பினார். ஏழாவது முட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்ட பண்ணைக்காரர், தன்னைச் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து மறுவாரம் கடையே போடவில்லை.

தொண்ணூற்றொன்பதில் அந்த மடக்கு சைக்கிளை வாங்கினார். கரும்பச்சை நிறம், பதினாறு அங்குலச் சக்கரம். வீட்டிலிருந்து ஹிட்சின் ஸ்டேஷனுக்குச் சைக்கிள். அங்கே மடக்கி ஆறு ஐம்பத்திரண்டு ரயில். லண்டன் கிங்ஸ் கிராஸில் இறங்கி, விரித்து அலுவலகம்வரை மறுபடி சைக்கிள். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவன் அதைத் தெருவில் பூட்டிவிட்டுப் போகமாட்டான். கைக்குழந்தை மாதிரி போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவான். அலுவலகத்தில் மேஜைக்கு அடியில், வீட்டில் சமையலறை மூலையில், மச்சினி கல்யாணத்தில் தேவாலயத்தின் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் என்று அது இருக்காத இடமில்லை. "நான் அவரக் கட்டிக்கிட்டேன், அவரு அதைக் கட்டிக்கிட்டாரு" என்பது மோரீன் வழக்கமாகச் சொல்வது.

அந்தச் சைக்கிளைத்தான் அலுவலகம் கேட்டது. தலைமை அதிகாரி பெவர்லி ஸ்டோக்ஸ், கீத்தின் நினைவாக அதைச் சுவரில் மாட்ட விரும்புவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருந்தார். அலுவலகத்துக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் அந்தப் படிவம் உண்டு: பொருள், எடை, தயாரிப்பு எண், பெற்ற விதம், ஆதாரம். அதை வடிவமைத்ததே கீத்தான். அடியில் சின்ன எழுத்தில் அவருடைய எட்டு விதிகள் இருந்தன. மற்றவர்கள் என்றால் எடையைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். ஹேசல் அப்பாவின் தராசிலேயே நிறுத்தினாள்: பதினோரு கிலோ எண்ணூற்று நாற்பது. பிறகு சைக்கிளைக் கவிழ்த்து, பின் சட்டத்தின் அடியில் இருந்த எண்ணை எழுதினாள். ஆதாரத்துக்கு அப்பாவின் கோப்பிலிருந்து தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ரசீதை எடுத்தாள்.

ரசீதில் இருந்த எண் வேறு.

டார்ச் அடித்துப் பார்த்தாள். துணியால் துடைத்துப் பார்த்தாள். ஒன்றிரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் கடைக்காரரின் கைப்பிழை என்று விட்டிருப்பாள். முதல் இலக்கத்திலிருந்தே வேறாக இருந்தது. அப்பா பதினாயிரம் தடவை ஏறிப் போன சைக்கிள் அப்பாவுடையது அல்ல.

மோரீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"திருட்டுச் சைக்கிளா?"

"தெரியலம்மா."

"உங்கப்பாவா? முட்டையத் திருப்பிக் குடுக்கச் சொல்லி என்னை மழையில நடக்க விட்ட மனுஷனா?" நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்காங்கன்னு சொன்ன?"

ஹேசல் சொன்னாள். மோரீன் அடுப்பருகே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அந்த வீட்டில் எந்தப் பெரிய செய்திக்கும் அதுதான் முதல் நடவடிக்கை.

கீத் சைக்கிளுக்குப் பராமரிப்புக் குறிப்பேடு வைத்திருந்தார். வாரம் ஒரு வரி: டயர் காற்று, பிரேக் கட்டையின் கனம், கீல் திருகின் இறுக்கம். ஹேசல் குறிப்பேடுகளைத் தேதிவாரியாகத் தரையில் அடுக்கிக்கொண்டு கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தாள். லிஃப்டு விழுந்தாலும் அதன் பதிவேட்டை அப்படித்தான் படிப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'அ', 'ஆ' என்று இரண்டு பத்திகள் இருந்தன. வருஷத்துக்கு இரண்டு செயின் வாங்கியிருந்தார். பிரேக் கட்டை நான்கு ஜோடி. ஒரு சைக்கிளுக்கு இது இரண்டு மடங்கு.

இதைச் சத்தமாகச் சொன்னது தவறு.

"ரெண்டு சைக்கிளா?" என்றாள் மோரீன். "ரெண்டு சைக்கிள்னா ரெண்டு வீடு."

"அம்மா."

"இல்ல கண்ணு, சொல்றேன். அங்கயும் அது சமையலறையிலதான் படுத்திருக்கும். அந்தப் பொம்பளையும் தாண்டித் தாண்டித்தான் சமைச்சிருப்பா. பாவம்."

விஷயம் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் குறிப்பேட்டில் இருந்தது. மார்ச் பதினான்கு, செவ்வாய்: 'கிங்ஸ் கிராஸில் சீட்டை உயர்த்தினேன். கோடு இல்லை. இது எதிர் சீட்டில் செய்தித்தாள் படிப்பவருடையது. அவர் போய்விட்டார். நாளை மாற்ற வேண்டும்.'

கோடு என்னவென்று ஹேசலுக்குத் தெரியும். சீட்டுத் தண்டில் தன் காலுக்குச் சரியான உயரத்தில் கீத் அரத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார். தினமும் சீட்டை அந்தக் கோடுவரை உயர்த்துவார். ஒரு மில்லிமீட்டர் ஏறாது, இறங்காது. மடக்கிவைத்தால் தண்டு உள்ளே போய்விடும், கோடு தெரியாது. பெட்டி வாசலில் அடுக்கிய நான்கைந்து மடக்கு சைக்கிள்களில் இரண்டு கரும்பச்சையாக இருந்திருக்கின்றன. கூட்டத்தில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

மறுநாள்: 'சொல்ல வாய்ப்பில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.'

அதற்கு மறுநாள்: 'செய்தித்தாள்.'

வெள்ளிக்கிழமை: 'இதில் பின் பிரேக் கேபிள் நைந்திருக்கிறது. இந்த நிலையில் திருப்பிக் கொடுப்பது முறையல்ல. மாற்றிய பின் கொடுக்கலாம்.'

கேபிளை மாற்றியதும் டயர் கண்ணில் பட்டது. டயருக்குப் பின் செயின், செயினுக்குப் பின் பெடல். ஜூன் மாதக் கடைசியில் எழுதியிருந்தார்: 'பழுது எதுவும் மீதமில்லை. நாளை.' அந்த நாளைக்கும் ஒரே சொல்தான்: 'செய்தித்தாள்.'

பிறகு ஒரு மாதம் எதுவும் இல்லை. பிறகு இந்த வரி: 'இப்போது சொன்னால் ஏன் நான்கு மாதம் சொல்லவில்லை என்று கேட்பார். பதில் இல்லை.'

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் இரண்டாவது பத்தி தொடங்கியது. 'ஸ்டீவனேஜ் ஸ்டேஷன் தாண்டியதும் தூங்கிவிட்டார். என்னுடையதைச் சோதித்தேன். பிரேக் கவலைக்கிடம். அவர் உயிருக்கு ஆபத்து. இறுக்கினேன்.' அன்றிலிருந்து பதின்மூன்று வருஷம், விடுமுறை நீங்கலாக எல்லா வெள்ளிக்கிழமையும் 'ஆ' பத்தியில் ஒரு வரி இருந்தது. தன்னிடம் இருந்த அவர் சைக்கிளை வீட்டில் பராமரித்தார். அவரிடம் இருந்த தன் சைக்கிளை, அவர் தூங்கும்போது ரயிலில் பராமரித்தார்.

ஹேசல் குறிப்பேட்டை மூடினாள். தராசில் மூன்று கிராம் குறைந்ததற்காக ஒரு கசாப்புக்காரரை நீதிமன்றத்துக்கு இழுத்த மனிதர், மன்னிக்கவும் என்று ஒரு சொல் சொல்ல வெட்கப்பட்டுப் பதின்மூன்று வருஷம் பிறத்தியார் சைக்கிளில் போயிருக்கிறார். இந்த ஊருக்கு இது புதுமையில்லை. ஆனால் பித்தளைத் தகடு புதுமை. வியாழக்கிழமைக்குள் செய்தித்தாள்காரரைக் கண்டுபிடித்துச் சைக்கிளைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் படிவத்தில் 'பெற்ற விதம்' என்ற கட்டத்தில் அவள் கையாலேயே எழுத வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை சைக்கிளோடு ஸ்டேஷனுக்குப் போனாள். மடக்கத் தெரியவில்லை. பின் சக்கரம் அடியில் மடங்கும், சட்டம் நடுவில் மடங்கும், கைப்பிடி பக்கவாட்டில் மடங்கும். வரிசை தப்பினால் எதுவும் மடங்காது. அப்பா இருபது விநாடியில் முடிப்பதை நான்கு நிமிஷம் செய்தாள். விரல் நசுங்கியது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. அதாவது, எல்லோரும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்காரர்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு. கதவு எங்கே வந்து நிற்கும் என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பிடித்த இடங்கள். மூன்றாவது பெட்டியின் முதல் கதவு நிற்கும் இடத்தில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் அகலம் காலியாக இருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. மூன்று வாரமாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் அப்பாவின் பெயரை அறியமாட்டார்கள். அவர் இடத்தை அறிவார்கள்.

ஹேசல் அங்கே போய் நின்றாள். மறுப்பு வரவில்லை. அவளுக்கு வலப்பக்கம் நின்றவர் காலடியில் ஒரு கரும்பச்சை மடக்கு சைக்கிள் இருந்தது. கையில் செய்தித்தாள். அறுபது வயதிருக்கும். ஒல்லி, பழுப்புக் கோட்டு.

ரயிலில் சைக்கிள்களை வாசலருகே அடுக்கினார்கள். அவர் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்ததும் ஹேசல் வாசலில் குந்தி உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்து, அவர் சைக்கிளின் பின் சட்டத்தைப் பார்த்தாள். ரசீதில் இருந்த எண். சீட்டுத் தண்டை இரண்டு அங்குலம் இழுத்தாள். கோடு இருந்தது.

அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். தண்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு எழுந்து, அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

அந்த ரயிலில் காலையில் பேசுவது, குளிக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. "மன்னிக்கணும்" என்று அவள் சொன்னதும் நான்கு வரிசைவரை தலைகள் குனிந்தன.

அவர் செய்தித்தாளை மடித்தார்.

"கீத்தோட பொண்ணு" என்றார்.

"அவர் பேரு தெரியுமா உங்களுக்கு?"

"போன மாசம்தான் தெரியும். மரண அறிவிப்புல படம் போட்டிருந்தாங்க. நான் லெஸ்லி. லெஸ்லி டாம்கின். பல் செட்டு செய்றேன்." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "அடக்கத்துக்கு வரலாம்னுதான் நினைச்சேன். என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

ஹேசல் சுற்றி வளைக்கவில்லை. வாசலைக் காட்டி, இரண்டு சைக்கிளும் மாறிப் போனது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"முதல் நாளே தெரியும். ஸ்டேஷன் வாசல்ல வந்து சீட்ட தூக்கறேன், தண்டுல ஒரு கோடு. அளவெடுத்து அரம் வெச்சு இழுத்திருக்கு. இந்தப் பெட்டியில அப்படிப்பட்ட ஆள் யாருன்னு யோசிச்சேன். ஒருத்தர்தான இருக்காரு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா திருப்பித் தந்திருப்பாரே."

லெஸ்லி குரலைத் தாழ்த்தினார்; பெட்டி முழுவதும் இன்னும் கூர்ந்து கேட்டது.

தன் சைக்கிளில் அதுவரை பிரேக் பிடித்தால் வேகம் குறையும், நிற்காது என்றார். அன்று காலை மாறிப் போன சைக்கிளில் யூஸ்டன் சாலையில் பிரேக்கைத் தொட்டதும் நட்டுவைத்த மாதிரி நின்றதாம். ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் எதிரில் கீத் வந்து உட்கார்ந்து எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்த்து, செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமைல நீங்க தூங்கும்போது அவர் உங்க சைக்கிள…"

"நான் எங்க தூங்கினேன்?" என்றார் லெஸ்லி. "ரயில்ல எனக்குத் தூக்கமே வராது. மொத தடவ, நிஜமாவே கண்ணு சும்மா மூடியிருந்துச்சு. ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சு. இடுக்கு வழியாப் பார்த்தா, அவர் மண்டி போட்டு உட்கார்ந்திருக்காரு. நான் கண்ணத் திறந்தா ரெண்டு பேரும் பேசியாகணும். மூடிக்கிட்டேன்."

"பதிமூணு வருஷமா?"

"ஒரு தடவ இருமல் வந்துச்சு. அவர் கையில செயின் முழுசா கழட்டித் தொங்குது. நான் முழிச்சா பாவம் அதை எங்க ஒளிப்பாரு? அடக்கிக்கிட்டேன். அன்னிக்குத்தான் சாகப் பார்த்தேன்." மடித்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டார். "போன மூணு வெள்ளிக்கிழமையும் ஸ்டீவனேஜ் தாண்டினதும் கண்ண மூடிக்கிட்டேன். பழக்கம். இப்ப சைக்கிள் கிரீச்சுங்குது."

ஹேசல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். வெளியே வயல் எதுவும் பார்க்கிற மாதிரி இல்லை. ஆனாலும் ஒரு ஸ்டேஷன் தூரம் பார்த்தாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் சைக்கிள் அவருக்குச் சேர வேண்டும். அப்பாவின் சைக்கிளைத் தான் எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். எண் பொருந்தும், தகடும் பொய்யாகாது.

லெஸ்லியின் முகம் விழுந்தது. எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இது தன் முதுகுக்குப் பழகிவிட்டது என்றார். அந்தக் கோடு தனக்குச் சரியான உயரம் இல்லை, ஒரு அங்குலம் அதிகம். ஆனால் பதின்மூன்று வருஷமாக அதே உயரத்தில்தான் வைத்து ஓட்டுவதாகச் சொன்னார். ஏன் என்று ஹேசல் கேட்டாள்.

"அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்திருக்காரேம்மா. மாத்தி வெச்சா தண்டுல வேற தடம் விழும், வெள்ளிக்கிழமை பார்ப்பாரு இல்ல?"

அந்தச் சைக்கிளை அவரிடமிருந்து பறிக்க அவளுக்குக் கை வரவில்லை. அதற்குப் பதில், நடந்ததை எழுதித் தரும்படி கேட்டாள். லெஸ்லி செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து, குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'கீத் ஆல்டர்சனும் நானும் 14.3.2006 அன்று சைக்கிளை மாற்றிக்கொண்டோம். இருவருக்கும் சம்மதம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.'

அன்று மாலை மோரீன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப திருடன் இல்ல."

"இல்ல. கோழை."

"அது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றாள் மோரீன். "சம்மதம்னு சொல்றதுக்கே பாதிரியார் ரெண்டு தடவ கேட்டாரு." இரண்டாவது வீடு இல்லாமல் போனதில் அவளுக்கு நிம்மதியா, கொஞ்சம் ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை ஹேசல் சைக்கிள், படிவம், ரசீது, செய்தித்தாள் துண்டு நான்கையும் பெவர்லி ஸ்டோக்ஸின் மேஜையில் வைத்தாள். மறைக்கவில்லை. பெவர்லி எல்லாவற்றையும் படித்தார். சிரிக்காமல் இருப்பதற்காக மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு படிவத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்துகளில் விரலை வைத்தார். விதி ஆறு: 'எண்ணும் ஆதாரமும் பொருந்தாத எந்தப் பொருளும், எக்காரணம் கொண்டும், அலுவலகத்தில் ஏற்கப்படாது.'

"இதை எடுத்துடலாம்னு நான் எத்தனையோ தடவ அவர்கிட்ட சொன்னேன்" என்றார். "ஒத்துக்கவே இல்ல."

"ஒத்துக்க மாட்டார்" என்றாள் ஹேசல். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தகட்டைப் பெயர்க்கவில்லை. பெயர்த்தால் சுவர் கெடும். தவிர, இப்போதுதான் அது உண்மை என்று பெவர்லிக்குப் பட்டது. கொக்கியில் யாரோ ஈர மழைக்கோட்டை மாட்டினார்கள். தேநீர் குடித்துவிட்டு ஹேசல் சைக்கிளை ஓட்டிக்கொண்டே கிங்ஸ் கிராஸ் திரும்பினாள். அதில் கோடு இல்லை. சீட்டைத் தன் உயரத்துக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவளுக்கு லண்டனில் ஒரு பழைய ஓட்டலின் லிஃப்டைப் பார்க்கும் வேலை இருந்தது. பத்து மணிக்குப் போனால் போதும். ஆறு ஐம்பத்திரண்டுக்கே போனாள். மடக்க இரண்டு நிமிஷம் ஆனது. காலி இடத்தில் நின்றாள். லெஸ்லி வணக்கம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பேசியது ஒரு விபத்து என்றும், அது மறுபடி நடக்காது என்றும் இருவருக்கும் புரிந்திருந்தது.

ஸ்டீவனேஜ் தாண்டியது. செய்தித்தாள் மெல்ல மடிந்து மடியில் இறங்கியது. லெஸ்லி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பதின்மூன்று வருஷப் பயிற்சிக்கு நடிப்பு சுமார்தான்.

ஹேசல் பையிலிருந்து அப்பாவின் கருவிச் சுருளை எடுத்து விரித்தாள். குறிப்பேட்டில் 'ஆ' பத்தியைத் திறந்து, தேதியை எழுதினாள். வாசலுக்குப் போய் மண்டி போட்டாள். முன் கீலின் திருகு தளர்ந்திருந்தது, கிரீச்சு அங்கேயிருந்துதான். நான்காம் நம்பர் ஸ்பேனர் கை நழுவித் தரையில் விழுந்து, சறுக்கி, லெஸ்லியின் ஷூவில் போய் முட்டியது.

பெட்டியில் யாரும் நிமிரவில்லை. லெஸ்லி கண்ணைத் திறக்காமலே காலை ஒதுக்கிக்கொண்டார்.